பழைய மெஷினுக்கு எவ்வளவு எழுதுவது?

"இருபது வருஷத்து மெஷின் சார், இதுக்கு எந்தக் கம்பெனி இன்ஷூரன்ஸ் கொடுக்கும்?" ராஜபாளையம், சத்திரப்பட்டி, தளவாய்புரம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று தொழில் நடக்கும் இந்த வட்டாரத்தில் இழப்பை மதிப்பிடும் சர்வேயர்களும் ஏஜெண்டுகளும் ஓயாமல் எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்பவரின் கவலை நியாயமானது. ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. பழைய மெஷினுக்குப் பாலிசி வாங்குவது சற்றுச் சிரமம்தான், முடியாத காரியமல்ல. வாங்கிய பாலிசி தீயோ வெள்ளமோ வந்த நாளில் கைகொடுக்காமல் போவதுதான் பெரிய சங்கடம். அப்படிப் போவதற்கு மெஷினின் வயது அநேகமாகக் காரணமாக இருப்பதில்லை. பாலிசி எடுக்கும்போது அதற்கு நாம் எழுதிக்கொடுத்த மதிப்பே காரணம். பழையது என்பதால் குறைத்து எழுதுகிறோம். குறைத்து எழுதியதால் குறைத்தே பெறுகிறோம். சர்வேயர் தொழிலில் கற்றதையெல்லாம் ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

பழைய மெஷின் இந்த ஊர்களில் விதிவிலக்கல்ல. தொழிலின் பெரும்பகுதி அதன்மேல்தான் நிற்கிறது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன்பின் இந்த மலையடிவாரத்தில் நூற்பாலைகள் பெருகின. பெரிய மில் ஒன்று தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது கழற்றப்படும் ரிங் ஃப்ரேமும் கார்டிங் மெஷினும் காயலான் கடைக்குப் போய்விடுவதில்லை. சிறிய மில் ஒன்று அவற்றை வாங்கி, பேரிங் மாற்றி, கதிர்களைச் சரிபார்த்து, இன்னொரு ஆயுள் ஓட்டுகிறது. 1999-இல் மத்திய அரசு ஜவுளித் துறைக்குத் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தைக் கொண்டுவந்து கடனுக்கு வட்டிச் சலுகை கொடுத்தபின் புது மெஷின்கள் நிறைய வந்தன; பழையவை கைமாறுவதும் சேர்ந்தே நடந்தது. மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி விசைத்தறிகளிலும் செகண்ட் ஹேண்டாக வந்தவை ஏராளம். தளவாய்புரத்துத் தையல் கூடங்களிலும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக்காரர்களின் ஜெனரேட்டர்களிலும் இதே நிலைதான். எனவே பழைய மெஷினின் காப்பீடு என்பது ஒரு சிலரின் தனிப் பிரச்சினையல்ல. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் சாப்பாட்டுப் பிரச்சினை.

மதிப்பைக் குறைத்து எழுதும் பழக்கம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஆடிட்டர் தயாரிக்கும் பேலன்ஸ் ஷீட்டிலிருந்து. பாலிசிப் படிவத்தில் மெஷினின் மதிப்பைக் கேட்டதும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து அதிலுள்ள எண்ணை எடுத்து எழுதிவிடுகிறோம். வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம், அதுவும் குறைந்துகொண்டே வரும் மதிப்பின்மேல். 40 லட்சத்துக்கு வாங்கிய மெஷின் ஐந்தாம் ஆண்டு முடிவில் ஏடுகளில் ஏறத்தாழ 17.75 லட்சம், பத்தாம் ஆண்டில் 7.9 லட்சம், பதினைந்தாம் ஆண்டில் 3.5 லட்சம். ஆனால் அதே மெஷின் ஷெட்டில் மூன்று ஷிப்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த 3.5 லட்சத்தை எடுத்துக்கொண்டு அதே தரத்தில் ஒன்றை வாங்கி வந்து நிறுத்த முடியுமா என்று உரிமையாளரைக் கேட்டால் சிரிப்பார். வரிக்காகப் போட்ட கணக்கு வரிக்குச் சரி. சந்தையில் அந்த மெஷின் என்ன விலை போகும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொரு வழக்கம், பேங்கில் பாக்கி நிற்கும் கடன் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் பாலிசி எடுப்பது. பேங்க் மேனேஜருக்கு அது போதும். அவருடைய கடன் காப்பாற்றப்படுகிறது. கடன் தீரத் தீர உரிமையாளரின் பங்கு கூடுகிறது, காப்பீடு மட்டும் சுருங்கிக்கொண்டே போகிறது.

குறைத்து எழுதினால் என்ன ஆகும் என்பதைத் தீ விபத்துப் பாலிசியில் உள்ள ஆவரேஜ் என்ற நிபந்தனை தீர்மானிக்கிறது. சொத்தின் உண்மை மதிப்பில் எத்தனை பங்குக்குக் காப்பீடு எடுத்தோமோ, நஷ்டத்திலும் அத்தனை பங்குதான் கிடைக்கும். மிச்சத்துக்கு நாமே நமக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விபத்து நடந்த அன்று மெஷினின் சந்தை மதிப்பு 16 லட்சம். பாலிசியில் எழுதியது 4 லட்சம். தீயில் ஒரு பகுதி சேதமாகி, சர்வேயர் கணக்கிட்ட நஷ்டம் 6 லட்சம். "ஆறு லட்சம் நஷ்டம், நாலு லட்சத்துக்குப் பாலிசி இருக்கு, நாலாவது வரும்" என்று உரிமையாளர் நினைக்கிறார். வருவது ஒன்றரை லட்சம், அதிலும் பாலிசியில் சொன்ன கழிவு, அதாவது முதலில் நாமே தாங்க வேண்டிய தொகை, போக. நாலில் ஒரு பங்குக்குத்தானே எடுத்திருந்தார்! 16 லட்சம் என்று எழுதியிருந்தால், கழிவு போக, அந்த 6 லட்சமும் வந்திருக்கும். இந்தக் கணக்கைப் போடுவது சர்வேயரின் கடமை. 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று வேலை பார்ப்பவர் மனமிரங்கி அதை விட்டுவிட முடியாது. எங்கள் தொழிலில் கனமான நேரம் இதுதான். கருகிய கூடத்தில் நிற்பவரிடம், அவர் எழுதிக்கொடுத்த எண்ணையே அவருக்கு எதிராகக் காட்ட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எந்த எண்ணை எழுதுவது? தீப் பாலிசியில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சந்தை மதிப்பு: அதே வகை, அதே திறன், ஏறக்குறைய அதே வயதுள்ள மெஷினை வாங்கிக் கழற்றி, லாரியில் ஏற்றி வந்து, பேஸ்மெண்ட் போட்டு, ஒயரிங் செய்து ஓடவிட இன்றைக்கு ஆகும் மொத்தச் செலவு இது. பலர் மெஷின் விலையை மட்டும் எழுதிவிட்டு வண்டி வாடகையையும் எரெக்ஷன் கூலியையும் மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது புதுப்பித்தல் மதிப்பு: சேதமான பழைய மெஷினுக்குப் பதில் அதே வகையில் புதிதாக வாங்க ஆகும் செலவு. இதில் எடுத்தால் தேய்மானம் கழிக்கமாட்டார்கள்; ஆனால் நிபந்தனை கடுமை. மாற்று வேலையை உண்மையிலேயே செய்து முடிக்க வேண்டும், அதுவும் பொதுவாகப் பன்னிரண்டு மாதத்துக்குள், அல்லது கம்பெனி எழுத்தில் கொடுக்கும் கூடுதல் காலத்துக்குள். செலவு செய்யும்வரை சந்தை மதிப்பு அளவுக்குத்தான் பணம் வரும். கைமுதல் உள்ளவர்களுக்கு, மெஷின் போனால் புதிதுதான் வாங்குவேன் என்பவர்களுக்கு, இந்த இரண்டாவது வழி நல்லது. போனால் இன்னொரு பழையதுதான் என்பவர் சந்தை மதிப்பில் எடுத்து, அந்த மதிப்பை ஒழுங்காக எழுதினாலே போதும். இரண்டு வழியிலும் ஏட்டு மதிப்புக்கு இடமில்லை.

தீப் பாலிசி இருப்பதாலேயே மெஷினுக்கு எல்லாப் பாதுகாப்பும் இருப்பதாக நினைப்பது இன்னொரு பிழை. மோட்டாரில் ஷார்ட் சர்க்யூட் ஆகி அந்த மோட்டார் எரிந்தால், அந்த மோட்டாருக்குத் தீப் பாலிசியில் பணம் கிடையாது. அங்கிருந்து தீ பரவிப் பக்கத்து மெஷின்கள் எரிந்தால் அவற்றுக்கு உண்டு. எரிந்த மோட்டாருக்கும் உடைந்த கியர் பாக்ஸுக்கும் மெஷினரி பிரேக்டவுன் பாலிசி தனியாக வேண்டும். பழைய மெஷின்காரர்கள் மிகவும் ஏமாறுவது இங்கேதான். இந்தப் பாலிசியில் எழுத வேண்டியது நாம் வாங்கிய விலையும் அல்ல, இன்றைய சந்தை மதிப்பும் அல்ல. அதே வகை, அதே திறனுள்ள புது மெஷினின் இன்றைய விலை, அதோடு வண்டிச் செலவு, வரி, எரெக்ஷன் எல்லாம் சேர்த்து. செகண்ட் ஹேண்டில் 5 லட்சத்துக்கு வாங்கிய கம்ப்ரசருக்கு 5 லட்சம் என்று எழுதுகிறோம். புதிதின் விலை 20 லட்சம் என்றால் அது கால்பங்குக் காப்பீடு. மோட்டார் எரிந்து ஒரு லட்சம் செலவானால் 25,000 ரூபாயோடு, அதிலும் கழிவு போக, கணக்கு முடிந்துவிடும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். "முழுசா போனா அன்றைய தேய்ந்த மதிப்பைத்தானே கொடுப்பாங்க? அப்புறம் எதுக்குப் புது விலைக்குப் பிரீமியம் கட்டணும்?" உண்மைதான், பிரேக்டவுன் பாலிசியில் மெஷின் முழுவதும் போனால் விபத்துக்கு முந்தைய மதிப்புதான் கிடைக்கும். ஆனால் மெஷின்கள் முழுவதும் போவது அரிது. ஷாஃப்ட் முறியும், ஆர்மேச்சர் எரியும், பல் உடையும். அப்படிப் பகுதிச் சேதம் ஆகும்போது, அடிக்கடி மாற்ற வேண்டிய தேயும் உறுப்புகள் நீங்கலாக, மற்றவற்றுக்குத் தேய்மானம் கழிக்காமல் பழுதுச் செலவைத் தருகிறார்கள். பழைய மெஷினுக்குப் புது உறுப்பின் விலை கிடைக்கிறது. அதற்கான கட்டணம்தான் புது விலைமேல் கட்டும் பிரீமியம். ஆனால் ஒரு எல்லை உண்டு. பழுதுச் செலவு மெஷினின் அன்றைய மதிப்பை எட்டிவிட்டால் அதை முழு இழப்பாகத்தான் கணக்கிடுவார்கள். எனவே மிகவும் தேய்ந்த, ஒரு பெரிய பழுதின் செலவே தன் விலையைத் தாண்டிவிடும் மெஷினுக்கு இந்தப் பாலிசி லாபமில்லை. அதற்கு ஆகும் பிரீமியத்தை உதிரிப் பாகங்களுக்கு ஒதுக்கி வைப்பதே புத்திசாலித்தனம். எதற்கு எடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்பதை மெஷின் வாரியாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். மொத்தமாக எடுப்பதும் மொத்தமாக விடுவதும் இரண்டுமே தவறு.

அடுத்த ஆட்சேபம் கம்பெனிகளைப் பற்றியது. மதிப்பை ஒழுங்காக எழுதினாலும், வயதைப் பார்த்ததும் வேண்டாம் என்கிறார்களே? சொல்கிறார்கள்தான். 2007-க்கு முன் தீக் காப்பீட்டின் பிரீமியத்தைக் கட்டண ஆலோசனைக் குழுவே நிர்ணயித்தது. அதன்பின் ஒவ்வொரு கம்பெனியும் தானே விலை வைக்கிறது, தானே ஏற்கிறது, தானே மறுக்கிறது. அவர்களுடைய பயத்திலும் பொருள் உண்டு. உதிரிப் பாகம் கிடைக்காத மெஷின், பராமரிப்பு இல்லாத மெஷின், ஓடாமல் கிடப்பதைக் காட்டிலும் எரிந்தால் லாபம் என்று உரிமையாளர் நினைக்கக்கூடிய மெஷின் - இவற்றை யாரும் ஏற்கத் தயங்குவார்கள். ஆனால் வயது ஒன்றை மட்டும் வைத்து ஒதுக்குவது காப்பீட்டுத் தொழிலின் மரபே அல்ல. கப்பல்களைப் பாருங்கள். சரக்குக் கப்பலுக்கு வயது கூடினால் பிரீமியம் கூடும். ஆனாலும் தரச்சான்று அமைப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுச் சோதனை செய்து கொடுக்கும் சான்றின் பலத்தில் அது கடலில் ஓடுகிறது. மேல்நாடுகளில் இரட்டை உடல் கொண்ட பழைய பாய்மரப் படகுக்குக் காப்பீடு கேட்டால், படகைக் கரையேற்றி அடிப்பாகம், பாய்மரக் கம்பம், இணைப்புகள் எல்லாவற்றையும் நிபுணர் தட்டிப் பார்த்து எழுதிய அறிக்கையைக் கேட்பார்கள். நம் நாட்டில் கொதிகலனுக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டு குறித்த காலத்துக்கு ஒருமுறை ஆய்வும் சான்றும் கட்டாயம். ஐந்து வயது தாண்டிய வண்டிக்கு மோட்டார் பாலிசியில் நிர்ணயித்த தேய்மான அட்டவணை கிடையாது. கம்பெனியும் உரிமையாளரும் பேசி மதிப்பை ஒப்புக்கொள்கிறார்கள். எல்லா இடத்திலும் வயது கேள்வியைத் தொடங்கி வைக்கிறது. நிலைமை பதில் சொல்கிறது. நூற்பாலை மெஷினுக்கும் அதே நியாயம் பொருந்தும். ஆனால் நிலைமைக்கு ஆதாரம் நம் கையில் இருக்க வேண்டும்.

அந்த ஆதாரம் என்னென்ன? நூற்பாலைக்குள் நுழையும் சர்வேயர் முதலில் பார்ப்பது, பேல் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூமை. பேலைக் கட்டிய இரும்புப் பட்டையின் துண்டோ, பஞ்சோடு வந்த கல்லோ, ஓடும் பீட்டரில் பட்டால் பொறி தெறிக்கும். குழாய் வழியாகப் பஞ்சு போகும் வேகத்தில் அந்தப் பொறியும் அடுத்த மெஷினுக்குப் போய்விடும். அதனால் அங்கே மெட்டல் டிடெக்டர் வேலை செய்கிறதா, காந்தம் சுத்தமாக இருக்கிறதா, பொறியைக் கண்டு பஞ்சை வெளியே தள்ளும் கருவி இருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்து மோட்டார்கள். மோட்டாரின் காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டு பஞ்சுத் தூசி திரண்டிருந்தால், அந்த மோட்டார் புதிதாக இருந்தாலும் ஆபத்து. துளைகள் சுத்தமாக இருந்தால் பழையதும் பத்திரம். பேனல் போர்டில் ஃப்யூஸுக்குப் பதில் கம்பி முறுக்கியிருக்கிறதா என்பதை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். இவற்றையெல்லாம் காகிதத்தில் வைத்திருப்பவருக்குக் கம்பெனியில் மரியாதை தனி. மோட்டார்களின் இன்சுலேஷனைக் காட்டும் மெக்கர் அளவு, எர்த் அளவு, பேனல்களின் சூட்டைக் காட்டும் படம், பேரிங் மாற்றிய தேதி, வெளி ஃபிட்டர் வந்து ஓவர்ஹால் செய்த பில், தீயணைப்பான் நிரப்பிய தேதி - இவ்வளவும் ஒரு ஃபைலில் இருந்தால், பதினைந்து வயது மெஷினைப் பற்றிக் கம்பெனி அதிகாரி தன் மேலிடத்துக்கு எழுத ஒரு வாசகம் கிடைக்கிறது. ஆதாரம் இல்லாதபோது அவர் எழுதக்கூடியது தயாரித்த ஆண்டு மட்டும்தான். அதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் குறை அவருடையதல்ல. செகண்ட் ஹேண்ட் மெஷினுக்கு இதோடு ஒரு சார்ட்டர்ட் இஞ்சினியரிடம் மதிப்பீட்டுச் சான்றும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மெஷினின் எண், தயாரித்த ஆண்டு, இப்போதைய நிலை, சந்தை மதிப்பு, புது விலை ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் தகராறில் பாதி வராமலே போகும்.

இனி மிகவும் வலுவான ஆட்சேபம்: சிறு தொழில் செய்பவரால் இவ்வளவு பிரீமியம் கட்ட முடியாது. எட்டுத் தறி வைத்திருப்பவரிடம் மதிப்பை நாலு மடங்காக்கு என்றால் அவர் பாலிசியே வேண்டாம் என்றுவிடுவார். இந்த ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைப்பது ஒன்றுதான் வழியென்று யார் சொன்னது? 2021 ஏப்ரல் 1 முதல் சிறு தொழில்களுக்கென்றே இரண்டு நிலையான பாலிசிகள் வந்துள்ளன. ஓரிடத்தில் உள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி வரை இருந்தால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. அதற்குமேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. இரண்டிலும் மதிப்பில் 15 சதவீதம் வரை குறை இருந்தால் ஆவரேஜ் போடமாட்டார்கள். தெரியாமல் நேரும் சிறு பிழைக்கு அங்கே இடம் உண்டு. பிரீமியத்தைக் குறைக்க வேண்டுமானால், சிறு நஷ்டங்களை நாமே தாங்குகிறோம் என்று கழிவுத் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம். நின்றால் மொத்தக் கூடமும் நின்றுவிடும் மெஷின்களுக்கு மட்டும் பிரேக்டவுன் பாலிசி எடுக்கலாம். இவை எல்லாம் நாமே தெரிந்து எடுக்கும் ஆபத்துகள். எவ்வளவு நஷ்டம் நம் தலையில் விழும் என்று முன்கூட்டியே தெரியும். மதிப்பைக் குறைப்பதோ கண்ணைக் கட்டிக்கொண்டு எடுக்கும் ஆபத்து. பிரீமியத்தில் மிச்சம் பிடித்த சில ஆயிரங்கள் எத்தனை லட்சத்தை விழுங்கும் என்று தீ வரும்வரை தெரியாது.

"எவ்வளவு சரியா எழுதினாலும் கடைசியில குறைச்சுத்தானே கொடுப்பாங்க" என்ற கசப்பும் இந்த வட்டாரத்தில் உண்டு. அது முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். க்ளெய்முகள் இழுத்தடிக்கப்படுவதும், தேவையற்ற காகிதம் கேட்கப்படுவதும் நடக்கின்றன. ஆனால் அதை எதிர்க்கும் பலமும் சரியான மதிப்பிலிருந்துதான் வருகிறது. சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க பாலிசிதாரருக்கு உரிமை உண்டு. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவில் பதில் திருப்தியில்லை என்றால், தனி உரிமையாளர் நிறுவனங்களும் குறுந்தொழில்களும் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அங்கே போய் நிற்பவரிடம் மதிப்பீட்டுச் சான்றும் பராமரிப்பு ஃபைலும் இருந்தால் வாதாட முடியும். ஏட்டு மதிப்பை எழுதிவிட்டுப் போனவருக்காக ஆம்பட்ஸ்மேனாலும் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது. ஆவரேஜ் நிபந்தனை நாம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது.

ஆகவே மில் வைத்திருப்பவர்களுக்கும் தறி வைத்திருப்பவர்களுக்கும் ஒரே வேண்டுகோள். பாலிசி புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே, சென்ற ஆண்டின் பாலிசியை எடுத்து ஒவ்வொரு மெஷினுக்கும் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துப் பாருங்கள். இந்தத் தொகைக்கு இதே மெஷினை வாங்கிவந்து இதே இடத்தில் ஓட்ட முடியுமா என்று உங்கள் ஃபிட்டரையே கேளுங்கள். முடியாது என்று அவர் சொன்னால், ஏஜெண்டைக் கூப்பிடுவதற்கு முன் மதிப்பீட்டாளரைக் கூப்பிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸ் வீண் செலவல்ல. பழைய மெஷினுக்கு நீங்கள் கட்டும் பிரீமியம் வீணாகாமல் இருப்பது அவர் கொடுக்கும் சான்றில்தான் இருக்கிறது.